சிகாமணி ஐயாவின் கைநாட்டு

மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் அந்த இல்லத்தில் மேனேஜர் தாண்டவமூர்த்தி வைத்ததுதான் சட்டம். பெரியவர் சிகாமணியைப் பகலெல்லாம் அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். அடிக்கடி வாசலுக்குப் போகிறாராம், அதுதான் குற்றம். சமையல்காரி அஞ்சுகத்துக்கு வயிறு எரிந்தது.

சோதனைக்கு வந்த அதிகாரியிடம் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "பூட்டி வைக்கச் சொல்லி அவரே சம்மதிச்சுக் கைநாட்டு வச்சிருக்கார் சார்!"

அஞ்சுகம் இடுப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "எனக்கும் வச்சுக் குடுத்திருக்காரு சார். இன்னையிலேர்ந்து நான்தான் இங்க மேனேஜராம்."

"அடியே, எதுல கைநாட்டு வைக்கிறோம்னே அந்தாளுக்குத் தெரியாதுடி!" என்று கத்திய மேனேஜர், கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்தார். "ரெண்டுமே செல்லாது. ஆனா சாவிய மட்டும் மேனேஜரம்மா கையில குடுங்க."