உள்ளங்கை உப்பு

முன்னொரு காலத்தில், குழம்பு சரியில்லை என்றால் போருக்கே கிளம்பிவிடும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய மடைப்பள்ளியில் எந்தச் சமையல்காரரும் நிலைப்பதில்லை. சம்பளத்தைக் கூட்டினார். பட்டு வேட்டி கொடுத்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டே போனார்கள்.

ராஜாவுக்குச் சலித்துவிட்டது. "இவர்களை விரட்டுவது எதுவானாலும், அதைக் கட்டி இழுத்து வந்து அந்திக்குள் என் முன் நிறுத்துங்கள்" என்றார்.

"விகடகவி மருதப்பர் இருக்கக் கவலை ஏன், பிரபு?" என்றார் மடைப்பள்ளி மணியக்காரர் கங்காதரர். மருதப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "தவறினால் அவர் நாட்டைவிட்டே போகட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். அவருக்கென்ன, தலையாட்டுவது சுலபம்.

மருதப்பனுக்கு எரிச்சலான எரிச்சல். இந்தப் பிழைப்புக்கு மாடு மேய்க்கலாம் என்று முணுமுணுத்தபடி மடைப்பள்ளிக்குப் போனான். அங்கே தலைமைச் சமையல்காரர் ஐயாவு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, நீங்களுமா? சம்பளம் போதலையா?"

"சம்பளத்துக்கு என்ன குறை தம்பி. இந்த உப்புதான். குழம்புல போடுறதுக்கு முன்னால உள்ளங்கையில வச்சு மணியக்காரர்கிட்ட காட்டணும். ஒரு சிட்டிகை எடுப்பாரு, இல்ல ஒரு சிட்டிகை சேப்பாரு. அப்படியே விட்டதா சரித்திரமே இல்ல. ருசியா இருந்தா அவரு பேரு, கரிச்சா என் தலை. அப்புறம் எப்படி மனசு ஒட்டும்?"

"இன்னிக்கு ஒரு வேளை உங்க கைப்பக்குவத்துல சமைங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லி, மருதப்பன் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தான்.

அந்தியில் கங்காதரர் கட்டுண்டு சபைக்கு வந்து சேர்ந்தார்.

"இழுத்து வரச் சொன்னீர்கள், பிரபு. கொஞ்சம் கனம்" என்ற மருதப்பன், உப்புக் கதையைச் சொல்லி, "இன்றைய சமையலில் இவர் கை படவில்லை" என்றான்.

"அநியாயம், பிரபு. நான் பார்க்காத உணவு வாயில் வைக்க விளங்காது" என்று கத்தினார் கங்காதரர்.

"சாப்பிட்டே பார்த்துவிடுவோம்" என்று ராஜா இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மூன்றாம் முறை குழம்பு கேட்டு வாங்கி, இலையை வழித்து, ஏப்பம் விட்டுக் கை கழுவ எழுந்தார். தூணோரம் நின்ற ஐயாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மருதப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சக் கயிற்றால் ராஜாவின் இடுப்பை அளக்க ஆரம்பித்தான்.

"என்ன செய்கிறாய்?"

"எதுவானாலும் கட்டச் சொன்னீர்கள், பிரபு. சமைத்தவர் யார் என்றுகூடக் கேட்காமல் எழுந்துவிட்டீர்கள். கயிறு எட்டுமா என்று பார்க்கிறேன்."

சபை நடுங்கியது. ராஜாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். கங்காதரரை யானைக் கொட்டாரத்துக்கு மாற்றினார். ஐயாவுவை அருகே அழைத்துப் பெயர் கேட்டார்.

"இந்தக் குழம்புக்கு ஈடு இல்லை, ஐயாவு. போய்விடாதீர்கள்."

ஐயாவு மூட்டையை இறக்கி வைத்தார். "காலையில பொங்கல் வைக்கட்டுங்களா, மகாராஜா? மிளகு தூக்கலா இருக்கலாமா?"

யோசனை சொல்ல ராஜா வாயைத் திறந்தார். மருதப்பன் கயிற்றை நீவிவிட்டான்.

"உங்கள் இஷ்டம்" என்றார் ராஜா அவசரமாக.