மலை களவு போன வழக்கு

முன்னொரு காலத்தில், மலைகள் களவு போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் மறந்துவிட்டது. மலையைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

அவருக்குத் தம் பிறந்தநாளன்று அரண்மனை மேல்மாடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆசை வந்தது. சின்ன வயதில் தாயார் அங்கேதான் சோறு ஊட்டுவாராம். எதிரே, யானை படுத்திருப்பதுபோல ஒரு மலை. "வாயைத் திற கண்ணு, இல்லாட்டி அந்த யானை எழுந்து வந்து உன் சோற்றைத் தின்னுடும்" என்பாராம். பிள்ளை பயந்து வாயைத் திறக்குமாம். இப்போது ராஜா நெய்ச்சோற்றோடு உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். மலையைக் காணோம். சாம்பல் நிறத்தில் வானம் இருந்தது. மலை இருந்த இடத்திலும் அதுவே இருந்தது.

ராஜா இருமினார். இருமி முடித்துக் கத்தினார்: "யாரங்கே! என் மலையை எவனோ திருடிவிட்டான்! அது கிடைக்கும்வரை எனக்குக் கஞ்சி போதும்!"

ராஜாவுக்குக் கஞ்சி என்றால் சபைக்கும் கஞ்சிதான். எல்லோர் முகமும் வாடியது. மந்திரி அனந்தப்பர் முகம் மட்டும் மலர்ந்தது. விகடகவி மாசிலாமணியை ஊரைவிட்டு ஓட்ட அவர் வெகுநாளாக வழி தேடிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, மாசிலாமணியின் புத்திக்கு மலை எம்மாத்திரம்? அடுத்த பௌர்ணமிக்குள் கொண்டுவரட்டும். தவறினால் நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மாசிலாமணி வணங்கினான். "உத்தரவு. ஆனால் களவுச் சட்டப்படிதான் தேடுவேன். மந்திரியார் எழுதிய சட்டமாயிற்றே."

மாடு களவு போனால் தடம் பார்த்துப் போக வேண்டும். தடம் முடிகிற வாசல்காரர், யாராக இருந்தாலும், உள்ளே சோதிக்க விட வேண்டும். சோதனை முடியும்வரை அங்கே ஒரு வேலையும் நடக்கக்கூடாது. இதுதான் சட்டம்.

"தாராளமாக" என்றார் மந்திரி. மலைக்கு ஏது தடம்!

அந்த ஊரில் ஒரு காலத்தில் கொக்கு வெள்ளையாக இருந்தது. துணியைக் காயப்போட்டால் அது காயும், அவ்வளவுதான். மூச்சு தானாக வந்து தானாகப் போகும். யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. இதையெல்லாம் சொன்னால் இப்போது யார் நம்புகிறார்கள்? நான் சொல்லும் சமயத்தில் அங்கே கொக்குகள் காக்கை வீட்டில் பெண் எடுக்க ஆரம்பித்திருந்தன.

மாசிலாமணி சலவை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வேட்டி கறுக்கும் பக்கமாக நடந்தான். வெளுப்பாகவே இருந்தால் திரும்பி வந்து வேறு தெருவில் நுழைந்தான். காவலர்கள் இருமிக்கொண்டே பின்னால் போனார்கள். வேட்டி முழுக் கறுப்பான இடத்தில் நின்றான். எதிரே மந்திரியின் சுண்ணாம்புக் காளவாய்கள், வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன.

"தடம் இங்கே முடிகிறது. சோதனை போட வேண்டும்."

மந்திரி ஓடி வந்தார். "ஏனப்பா, மலையை யாராவது காளவாய்க்குள் ஒளிப்பார்களா?"

"மாட்டார்கள்தான். பார்த்துவிட்டால் உங்கள் பேரும் கெடாது பாருங்கள்."

"எரிகிற நெருப்புக்குள் இறங்குவாயா நீ?"

"ஐயோ, எனக்கென்ன பைத்தியமா? அணைத்துவிட்டுத்தான்."

அணைத்தார்கள். காளவாய் ஆற வேண்டுமே. மாசிலாமணி பக்கத்து மரத்தடியில் படுத்துத் தூங்கினான். ஆறியதும் இறங்கி, ஒவ்வொரு சுண்ணாம்புக் கல்லாக வெளியே எடுத்தான்.

"இது யானையின் காதாக இருக்குமோ?"

"அது கல்லுடா!" என்று அலறினார் மந்திரி.

"மலையும் கல்தானே ஐயா. அவசரப்பட்டு நாளைக்கு ஒரு தப்பு நடந்துவிடக் கூடாது" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கல்லை எடுத்தான்.

பௌர்ணமியன்று காலை. ராஜா கஞ்சிக் கிண்ணத்தோடு மேல்மாடம் ஏறினார். மூச்சு விட்டார், இருமல் வரவில்லை. நிமிர்ந்தார். யானை படுத்திருந்தது. தும்பிக்கை, காது, முதுகு, ஒன்றும் குறையவில்லை. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்ல அன்று புகையும் இல்லை.

மந்திரி மூச்சிரைக்க வந்தார். "பார்த்தீர்களா மகாராஜா! மலை என் காளவாயில் இல்லவே இல்லை! இவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை!"

"உண்மைதான் மகாராஜா" என்றான் பின்னாலேயே வந்த மாசிலாமணி. "சோதனை என்று தெரிந்ததும் திருடன் கொண்டுவந்து வைத்துவிட்டான். ஆளையும் பிடிக்க வேண்டுமென்றால் மந்திரியார் காளவாயை மறுபடி மூட்டட்டும். மலை நகர்கிறதா என்று நாம் இங்கிருந்தே பார்ப்போம்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "ஊருக்கு அப்பால், காற்று இந்தப் பக்கம் திரும்பாத பொட்டலுக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்றார் மெல்ல.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். "இன்று முதல் நீ மலைக்காவலன். தினமும் காலையில் இங்கே வந்து மலை இருக்கிறதா என்று பார். தும்பிக்கை நுனி மறைந்தாலும் உடனே சோதனை போடு!"

"உத்தரவு. முதலில் இந்தக் கஞ்சியை அப்புறப்படுத்துகிறேன்" என்றான் மாசிலாமணி. நெய்ச்சோறு வந்தது. ராஜாவோ மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாசிலாமணி ஒரு கவளம் உருட்டிக்கொண்டு அவர் காதோரம் குனிந்தான்.

"சீக்கிரம் மகாராஜா, யானை எழுந்துவிட்டது!"

ராஜா வாயைத் திறந்தார்.