மணிக்கட்டில் முடியுள்ள நண்டு

நண்டுகளோடு பழகுகிறவன் நேராக நடக்க மறந்துவிடுவான் என்று கடல் ஆய்வு நிலையத்தின் சமையல்காரர் செபஸ்தியான் கேலி செய்வதுண்டு. அந்த வாரம் இருதயராஜ் அதை மெய்யாக்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் நாச்சம்மை எதிரே வந்தால் போதும், பக்கவாட்டில் நழுவிவிடுவார்.

நாச்சம்மை அவருடைய ஆசிரியை. வயதில் அவரைவிடச் சின்னவர். இருதயராஜ் தலைமையாசிரியர் வேலையை உதறிவிட்டு, நரைத்த தலையோடு அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர். "பேரன் எடுக்கிற வயசுல நண்டு பிடிக்கப் போறீங்களாக்கும்" என்று வீட்டில் மனைவியே சிரித்தாள். மனிதர் அசையவில்லை. உயிர்களை இனம் பிரிக்கும் பாடத்தைக் காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவருக்கு, ஒருமுறையாவது தன் கையால் பிரித்துப் பார்க்க ஆசை.

பிரித்தும்விட்டார். பவளப்பாறை இடுக்குகளில் கிடைக்கும் பொடி நண்டுகளை இரண்டு பிரிவாக்கினார். கொடுக்கின் மணிக்கட்டில் முடி உள்ளவை ஒன்று. மொழுமொழுவென்று இருப்பவை இன்னொன்று. ஓட்டின் வடிவம், கண்காம்பு, கால் நகம் எல்லாமே அதற்கு ஒத்துவந்தன. அவருடைய ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு கோட்டின் மேல்தான் நின்றது.

கடைசி வலையில் ஒரு நண்டு வந்து சேர்ந்தது. ஓடு, கண், நகம் எல்லாம் மொழு வகை. மணிக்கட்டில் மட்டும் ஒரு கொத்து முடி.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாலைந்து நாளே இருந்தது. ஆளில்லாத ஒரு மதியத்தில் இருதயராஜ் அந்த நண்டை ஜாடியிலிருந்து எடுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஊசிமுனை இடுக்கியால் முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நண்டு சமர்த்தாக மொழு வகையில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பாவம், பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

ஆய்வேட்டில் நாச்சம்மை கையெழுத்திட வேண்டிய நாளும் வந்தது. அவர் பேனாவைத் திறந்ததும் இருதயராஜ் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"இனம், குடும்பம், வரிசைன்னு பிரிக்கிறோமே. அந்தக் கோடெல்லாம் கடல்ல இருக்கா, இல்ல நாமளா போட்டுக்கிறதா?"

நாச்சம்மை அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பேனாவை மூடினார்.

"வாங்க, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரலாம்."

நிலையத்துக்குப் பின்னால் படகுத்துறை. நீர் வற்றியிருந்தது. தூண்களில் வெள்ளை வெள்ளையாக, கிளிஞ்சல் துண்டுகள் போல ஏதோ அப்பிக்கிடந்தன.

"இது என்ன சார்?"

"கொட்டலசு."

"யாருக்குச் சொந்தக்காரங்க?"

"நண்டு, இறாலுக்கு."

"பார்த்தா அப்படியா இருக்கு?"

"இல்ல. சிப்பி மாதிரி இருக்கு."

"ரொம்ப காலம் பெரிய பெரிய அறிஞர்களே இதைச் சிப்பி, நத்தையோடதான் சேர்த்து வச்சிருந்தாங்க. அப்புறம் ஒருத்தர் இதோட குஞ்சைப் பார்த்தார். கால் வீசி நீந்திட்டு இருந்துச்சு, இறால் குஞ்சு மாதிரி."

"ஆமா, வகுப்புல நானே கதையாச் சொல்லியிருக்கேன்."

"உடனே தூக்கி நண்டு பக்கம் வச்சாங்க. அன்னிக்குக் கொட்டலசுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கென்ன? ஒட்டின இடத்துலயே இருந்திருக்கும்."

"அறிஞர்களுக்கு?"

"மூக்கு உடைஞ்சிருக்கும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இருதயராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்று கண் கலங்கிவிட்டது.

"மேடம், நான் ஒரு நண்டோட முடியைப் பிடுங்கிட்டேன்."

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியதில் இருதயராஜுக்கு மூச்சு தாராளமாக வந்தது. இனி நாச்சம்மை என்ன சொல்வாரோ என்ற பயம் மட்டும் மிச்சமிருந்தது.

அறைக்குத் திரும்பியதும் நாச்சம்மை அந்த நண்டை நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"முடி இருந்த குழியெல்லாம் தெரியுது. முடி எங்கே?"

இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்பிரிட்டில் அந்த முடிகள் மிதந்தன. நிலையத்து வழக்கப்படி கழுத்தில் நூல் கட்டி, லேபிள் மாட்டியிருந்தது. நண்டு கிடைத்த இடம், ஆழம், தேதி. 'சேகரித்தவர்' என்று எழுத வேண்டிய இடத்தில், அழகான பள்ளிக்கூட எழுத்தில், 'பிடுங்கியவர்: ம. இருதயராஜ்'.

நாச்சம்மை சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தூக்கிப் போட மனசு வரலை மேடம்."

"ரெண்டு பிரிவு நிக்காது சார். எல்லா ஜாடியையும் மறுபடி திறக்கணும். இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஆகட்டும் மேடம்."

இவ்வளவு சுலபமாகத் தன் வாயில் அது வந்ததில் இருதயராஜுக்கே ஆச்சரியம். வயிறு வேறு பசிக்கத் தொடங்கியிருந்தது.

"அதுவரைக்கும் இந்த நண்டை எங்கே வைக்கிறது?"

"இடம் தெரியலைன்னு எழுதி, கண்ணுல படுற மாதிரி வையுங்க."

அப்படியே எழுதி வைத்தார். வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன சார்?"

"என்னை எங்கே வைக்கிறது மேடம்? நான் ஏமாத்துக்காரன் வகை. போகச் சொன்னாப் போயிடறேன்."

நாச்சம்மை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த லேபிளை இன்னொரு முறை படித்தார்.

"அந்த வகைக்கு இப்படி ஒரு அடையாளம் கிடையாது சார். இதையாவது பிடுங்காம விட்டு வையுங்க."