பாறைமேல் நடந்த விசாரணை

நெட்டிக்குளத்துக்குத் தலைவி ஒரு விரால் மீன். பெயர் செம்பாயி. மீன்களும் தவளைகளும் நண்டுகளும் ஆளுக்கொரு நீர்க்குமிழி விட்டு வாக்களித்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தன.

குளத்தின் ஒரு மூலையில் கோரைப்புல் அடர்ந்திருந்தது. மீன்களெல்லாம் அங்கேதான் முட்டையிடும். அந்தப் பருவத்தில் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்று செம்பாயி உத்தரவு போட்டாள். அவளுடைய குஞ்சுகளும் அங்கேதான் சிவப்பு நூல்கண்டு போலத் திரண்டு நீந்திக்கொண்டிருந்தன.

காட்டுப்பன்றிக்கு இந்த உத்தரவு பிடிக்கவில்லை. சேற்றில் புரள அதற்கு அந்த மூலைதான் வேண்டும்.

"ஒரு மீன் எனக்குச் சட்டம் சொல்வதா!" என்று உறுமிக்கொண்டே மயிலிடம் போனது.

காட்டிலுள்ள குளம் குட்டைகளுக்கெல்லாம் மயில்தான் மேலதிகாரி. தவறு செய்யும் தலைவர்களை விசாரித்து நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பன்றி மண்ணைக் கிளறும் இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் புழு பொறுக்கும் வழக்கமும் உண்டு.

"குளம் கலங்கிக் கிடக்கிறது ஐயா! தலைவி சரியில்லை!" என்றது பன்றி. கரையோரம் புரண்டு குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் அது வந்திருந்தது. முதுகில் சேறு இன்னும் காயவில்லை.

மயில் அந்தச் சேற்றைப் பார்க்கவில்லை. "நாளை நண்பகல், உச்சிப் பாறைமேல் விசாரணை! செம்பாயி நேரில் வர வேண்டும்!" என்று அகவியது.

நண்டு செய்தி கொண்டுவந்தபோது செம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாறைமேலா? விளையாடாதே அண்ணே!"

"விளையாட்டில்லை தாயி. நிஜமாகத்தான் சொல்கிறார்கள்."

"அங்கே போனால் நான் கருவாடாகத்தான் பதில் சொல்ல முடியும்! அவரைக் கரைக்கு வரச் சொல்லு. எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன்."

நண்டு போய்ச் சொன்னது. "கரை ஈரமாக இருக்கும். என் தோகை என்னாவது?" என்றது மயில்.

மறுநாள் கொதிக்கும் பாறைமேல் நின்று மயில் மும்முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு, "வராதது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம்! செம்பாயியை நீக்கினேன்! இனிமேல் குளத்துக்குத் தனி அலுவலர் பன்றியார்!" என்று முழங்கியது.

நண்டு வந்து சொன்னதும் செம்பாயியின் செவுள்கள் கோபத்தில் படபடத்தன. "பதவி போகட்டும் அண்ணே. பன்றி கோரைக்குள் இறங்கினால் ஒரு குஞ்சாவது மிஞ்சுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?"

அதிகாரிகள் போடும் உத்தரவு முறையானதுதானா என்று பார்க்கும் நீதிபதி யானையம்மா. மாலையில் யானை தண்ணீர் குடிக்க வந்தபோது, பன்றி ஒரு குளம்பைக் கோரைக்குள் வைத்துவிட்டது!

"நீதிபதியம்மா, காப்பாற்றுங்கள்!" என்று செம்பாயி துள்ளினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

யானை தும்பிக்கையைக் குறுக்கே நீட்டியது. "வழக்கு முடியும்வரை அந்தக் குளம்பு கரையிலேயே இருக்கட்டும்!" என்றது. மயிலுக்கும் ஆள் அனுப்பியது.

மயில் வந்ததும் வராததுமாக, "இவளுக்கு நிர்வாகமே தெரியாது அம்மா! தண்ணீரைப் பாருங்கள்!" என்றது.

"அவள் நல்ல தலைவியா கெட்ட தலைவியா என்று நான் கேட்கவே இல்லை. நீ நீக்கிய விதத்தைத்தான் பார்க்கிறேன். எங்கே விசாரித்தாய்?"

"உச்சிப் பாறையில். இடம் குறிப்பது மேலதிகாரியின் உரிமை. விதியிலேயே இருக்கிறது!"

"நான் நீந்தி வர அங்கே தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள் அம்மா!" என்று கத்தினாள் செம்பாயி. "குளத்தார் விட்ட குமிழிக்கு இவ்வளவுதான் மதிப்பா?"

யானை விறுவிறுவென்று நடுக்குளத்துக்குப் போய் நின்றது. "என் வழக்குக்கு இடம் குறிப்பது என் உரிமை. விசாரணை இங்கேதான். மயிலே, வா!"

மயில் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் தவித்தது. யானை மும்முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"முங்கிச் செத்துவிடுவேன் அம்மா!"

"வராதது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று யாரோ சொன்னார்களே?"

யானை கரைக்கே திரும்பி வந்தது. "பயப்படாதே, உன்னைப் போல நான் செய்ய மாட்டேன். இங்கேயே கேட்கிறேன். இன்னும் சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டு, "இல்லை அம்மா" என்றது.

"அப்படியானால் நீக்கிய உத்தரவு செல்லாது! செம்பாயியே தலைவி. அவள்மேல் புகார் இருந்தால் இந்தக் கரையில் நின்று அவள் முகம் பார்த்துக் கேள். பன்றியையும் கூட்டிக்கொண்டு வா. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சேறு எந்தக் குளத்துச் சேறு என்று அப்போது அதையும் கேட்கலாம்."

பன்றி சத்தமில்லாமல் புதருக்குள் நழுவியது. செம்பாயி கோரைப்புல்லுக்குள் பாய்ந்தாள். சிதறிக் கிடந்த சிவப்பு நூல்கண்டு மறுபடி அவளைச் சுற்றித் திரண்டது.

பலர் கூடித் தேர்ந்தெடுத்தவரை நீக்கும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தாலும், நீக்கப்படுபவர் வந்து பேசக்கூடிய இடத்தில் அவர் சொல்வதைக் கேட்காமல் நீக்கினால் அது அநியாயமே.