சிரித்தவனைப் பிடிக்கும் ஆணை

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில், கனவுகளை அப்படியே நம்பும் ராஜா ஒருவர் இருந்தார். யாரோ வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தம்மை நினைத்துச் சிரிப்பதாக ஒருநாள் கனவு கண்டார். விடிந்ததும் ஆணை போட்டார்: அதிகாரிகள் எந்த வீட்டிலும் கடையிலும் கேட்காமல் நுழையலாம், நுழைந்தவர்கள் சிரித்தவனைப் பிடிக்காமல் வெளியே வரக் கூடாது.

முதல் பாதி அதிகாரிகளுக்கு வெல்லமாக இனித்தது. மறு பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள்.

தலைமை அதிகாரி வீரபாகுவுக்கு அரசவை விகடன் குழைக்காதன்மேல் நெடுநாள் பொறாமை. ஆட்களோடு அவன் வீட்டுக்குள் புகுந்தார். அங்கே சிரிக்க யார் இருக்கிறார்கள்? மனைவி செண்பகவல்லி இறந்தபின் அவன் ஒண்டி ஆள். சபையையே சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் விளக்கேற்றக்கூட மனம் வராமல் உட்கார்ந்திருப்பான். அவள் கடைசியாக மடித்து வைத்த புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிப் போட்டுவிட்டுப் போனார் வீரபாகு. குழைக்காதன் திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்தான். அவள் மடிப்பு வரவில்லை. அழுதுவிட்டான்.

மறுநாளும் வந்து உள்ளே நுழைந்தார்கள். குழைக்காதன் வெளியே வந்து, அவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினான். வேளாவேளைக்கு ஜன்னல் வழியே சோறு கொடுத்தான். அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டுத்தான் எவ்வளவு காலமாயிற்று!

சில நாள் கழித்து, வீரபாகு எங்கே என்று ராஜா விசாரித்தார்.

"அடியேன் வீட்டில் இருக்கிறார், மகாராஜா. சிரித்தவன் கிடைக்காமல் வெளியே வரக் கூடாது என்பது தங்கள் ஆணை. அந்த வீட்டில்தான் சிரிப்பவர் யாருமில்லையே."

ராஜா நேரிலேயே வந்தார். உள்ளே தலைப்பாகை அவிழ்ந்து, தாடி முளைத்து நின்ற வீரபாகுவைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

குழைக்காதன் வீரபாகுவிடம் பணிவாகச் சொன்னான்: "சிரித்தவர் கிடைத்துவிட்டார், ஐயா. பிடித்துக்கொண்டு போங்கள்."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு கட்டிலில் கலைந்து கிடந்த புடவையைக் கண்டு, அது யாருடையது என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுபோயிற்று. பழைய ஆணையை அங்கேயே ரத்து செய்தார். இனி அதிகாரிகள் வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் 'வாங்க' என்றால்தான் நுழையலாம். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார்.

அவரைத் தெருமுனை வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய குழைக்காதன், தன் வாசலில் நின்றான்.

"உள்ளே வரலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

'வாங்க' என்று சொல்ல ஆள் இல்லை. சற்று நேரம் காத்திருந்தான். பிறகு, அந்தப் புது ஆணையை முதன்முதலில் மீறியவனாக உள்ளே போனான்.