நாற்பத்தேழு கிலோ

"நாப்பத்தோரு நாளாச்சு மேஸ்திரியம்மா. வண்டி இன்னும் ஆகலன்னா எப்படி?" என்றார் சித்திரைக்கனி.

பட்டறை வாசலில் மரியபுஷ்பம் டயரில் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆகல அண்ணாச்சி."

அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பத்தாறு. ஆனாலும் தேரியின் செம்மணல் மேடுகளில் ஓடும் நாலு சக்கர வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் அவள் குரு, அவர் சீடர். இதில் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் கொண்டுவந்த வண்டி ஒரு கடற்கரை விடுதியில் சவாரிக்கு ஓடிக் களைத்தது. கொழுத்த டயர் நாலு. சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஹேண்டில்பார். கியர் மாற்ற வேண்டியதில்லை. வலது பெருவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் ஓடும். விட்டால் நிற்கும்.

அதைச் சித்திரைக்கனி வாங்கியது தன் மனைவி சொர்ணத்துக்காக.

பதினாலு மாதத்துக்கு முன் சொர்ணத்துக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குழறிய பேச்சு நாலே மாதத்தில் திரும்பி வந்தது. ஆனால் அவள் பேசவில்லை. வாசல்வரைகூட வரவில்லை. ஒருநாள் மட்டும், "பங்குனி உத்திரத்துக்கு அய்யனார் கோயிலுக்குப் போகணும்" என்றாள். பதினாலு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கோயில் தேரிக்குள்ளே மூன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோ மணலில் புதையும். டிராக்டர் போகும், ஆனால் நாலு பேர் அவளைத் தூக்கி ஏற்ற வேண்டும்.

"தூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உத்திரத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மரியபுஷ்பத்தின் பட்டறைக்குப் பின்னால் செத்த வண்டிகள் குவிந்து கிடந்தன. ஏழு மாடல், இருபத்துமூன்று வண்டி. எதிலிருந்தும் எதையும் கழற்றலாம். ஆனால் கழற்றுமுன் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

முதல் வாரம் அவர் பெரிய மாடலின் பின் ஸ்பிரிங் இரண்டைக் கேட்டார்.

"யாருக்கு?"

"பின்னால உள்ள பாரத்துக்கு."

"பாரத்துக்கா. சரி, கழத்துங்க."

பிறகு அதைவிடப் பெரிய மாடலிலிருந்து அகலமான பின் அச்சு.

"யாருக்கு?"

"வண்டிக்கு. சாயாம இருக்கும்லா."

"சரி."

பிறகு முதுகு சாய்கிற சீட்டு. பிறகு இரண்டு பக்கமும் இரும்புக் கை. பிறகு பெல்ட்டு, நாலு.

சித்திரைக்கனி உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டைகளை எடை போட்டவர். கண்ணளவை நம்பாதவர். ஆஸ்பத்திரித் தராசில் சொர்ணம் நாற்பத்தேழு கிலோ இருந்தாள். அவர் ஒரு சாக்கில் நாற்பத்தேழு கிலோ மணலை நிறுத்துக் கட்டினார். பின் சீட்டில் அதை உட்காரவைத்து, நாலு பெல்ட்டும் போட்டு, தினமும் தேரியில் ஓட்டிப் பழகினார்.

முதலில் மூட்டை மூன்று முறை விழுந்தது. பிறகு ஒருமுறை. இப்போது ஒன்பது நாளாக விழவே இல்லை.

"மூட்டை அசையல, மேஸ்திரியம்மா. மேட்டுலயும் அசையல, பள்ளத்துலயும் அசையல. பின்ன என்ன ஆகல?"

மரியபுஷ்பம் எழுந்தாள். நாலு பெல்ட்டையும் அவிழ்த்தாள். மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க உக்காருங்க."

"நானா?"

"வலது கையும் வலது காலும் உங்களுக்கு இல்ல. அசைக்கக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். அவள் நாலு பெல்ட்டையும் இறுக்கிப் போட்டாள். முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

நல்ல வெயில். அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். கோயில் பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பினாள். பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"ஸ்பிரிங் எப்படி?"

"நல்லா இருக்கு."

"சீட்டு?"

"குறை சொல்ல முடியாது."

"வழியில என்ன பாத்தீய?"

சித்திரைக்கனி யோசித்தார். அவருக்குப் பொய் வராது.

"உங்க முதுகு."

அவள் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"அந்த முந்திரித் தோப்புகிட்ட என் தொப்பி விழுந்துட்டு," என்றார் அவர். "நிறுத்துங்கன்னேன். மூணு தடவை சொன்னேன். இஞ்சின் சத்தத்துல உங்க காதுல விழல போல."

"காதுல விழுந்துது அண்ணாச்சி."

அவர் பெல்ட்டை அவிழ்க்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் சொர்ணத்துக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். நாற்பத்தோரு நாளாகக் கேட்காததை அன்றுதான் கேட்டார்.

"கோயிலுக்கு எப்படிப் போகணும் உனக்கு?"

சொர்ணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் வண்டி செஞ்சிட்டீயளே. மூட்டையெல்லாம் கட்டி ஓட்டுதீயளாம். பக்கத்து வீட்டுல சொன்னாவ."

"செஞ்சேன். அது கிடக்கட்டும். உனக்கு எப்படி வேணும்?"

சொர்ணம் இடது கையைத் தூக்கினாள். பெருவிரலை மடக்கினாள், நீட்டினாள், மடக்கினாள்.

"இந்தக் கை இருக்குல்லா."

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொபெட்டுல பத்தொன்பது வருஷம் முட்டை கொண்டுபோனேன்," என்றாள் சொர்ணம். "ஒரு நடைக்கு ஏழு தட்டு. உப்பளத்துக்கு உங்களையும் பின்னால ஏத்திட்டுப் போனேன். தட்டும் உடையல, நீங்களும் உடையல. நீங்க ஓட்டுத வண்டியில ஏறத்தானா நான் உயிர் பொழச்சேன்?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. அவருக்கு அது சிரிப்பாகவே தெரிந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை பட்டறைக் குவியலில் அவர் பெரிய மாடல்களின் பக்கம் போகவில்லை. ஆகக் கடைசியில், எட்டு வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற குட்டி வண்டி ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் பெருவிரல் நெம்பை அழுத்திப் பார்த்தார். பஞ்சுபோல் இறங்கியது. தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இடது கைக்கு வாகாக வரும். எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று தடுத்து வைக்க அதில் ஒரு திருகாணிகூட இருந்தது.

"யாருக்கு?" என்றாள் மரியபுஷ்பம் பின்னாலிருந்து.

"எங்க வீட்டுக்காரிக்கு."

அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். இந்த நாற்பத்திரண்டு நாளில் ஒரு நாளும் அவள் அப்படி எடுத்துக் கொடுத்ததில்லை. அவரே தேடித்தான் எடுப்பார்.

அந்த நெம்பைக் கழற்றிச் சொர்ணத்தின் வண்டியில் மாட்டியபோது கேபிள் முப்பத்தொரு சென்டிமீட்டர் குறைந்தது. நீளமான கேபிளை இன்னொரு மாடலிலிருந்து எடுத்தார்கள். பிரேக்குக்கு இடது கையில் ஏற்கெனவே ஒரு பிடி இருந்தது. ஒற்றைக் கையால் திருப்ப லேசாக இருக்கட்டும் என்று நீண்ட ஹேண்டில்பார் ஒன்றை மாட்டினார்கள். வலது காலை வைக்க ஒரு தட்டு அடித்தார்கள். முதுகு சாய்கிற சீட்டு முன்னால் வந்தது.

எல்லாம் முடிய நாலு நாள்.

அப்புறம் பதின்மூன்று நாள், பட்டறைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் சொர்ணம் ஓட்டிப் பழகினாள். முதல் நாள் ஒரு பனைமரத்தில் முட்டினாள். இரண்டாம் நாள் அதே மரத்தில்.

"வண்டியில என்ன கோளாறு?" என்று பதறினார் சித்திரைக்கனி.

"வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க முன்னால நின்னு கையக் கைய ஆட்டுதீய. உங்கள விலகப் போயித்தான் மரத்துல மோதுதேன்" என்றாள் சொர்ணம்.

மரியபுஷ்பம் அவரைப் பட்டறைக்குள் கூப்பிட்டு, ஐநூறு நட்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து மரத்தில் மோதவில்லை.

உத்திரத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். சொர்ணம் இடது காலைப் படியில் ஊன்றி, அவர் தோளைப் பிடித்து, தானாக ஏறினாள். அவர் பின்னால் உட்கார்ந்தார். பொங்கல் பானை அவர் மடியில்.

வண்டி செம்மணலில் இறங்கியது. முந்திரித் தோப்பைத் தாண்டியது. தூரத்தில் கோயில் கொட்டுச் சத்தம் கேட்டது.

பெரிய மேட்டின் உச்சியில் சொர்ணம் பெருவிரலை எடுத்தாள். வண்டி நின்றது. இஞ்சினையும் அணைத்தாள்.

சித்திரைக்கனி டயரை எட்டிப் பார்த்தார். நாலிலும் காற்று இருந்தது. கேபிளைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"என்னட்டி? ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கீழே காற்று மணலைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது.

"பூசைக்கு நேரமாகுது. பின்ன ஏன் நிறுத்தின?"

"சும்மாத்தான்" என்றாள் சொர்ணம்.