தூணடிக்குப் போகும் வழி

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் நினைத்தது மத்தியானம் வரை அவன் மனசில் தங்காது. ஒருநாள் அவனுக்கு நூற்றுக்கால் மண்டபத்தில் ஊஞ்சல் கட்டி ஆட ஆசை வந்துவிட்டது. அந்த மண்டபத்தில் வீடுவாசல் இல்லாத முப்பது பேர் ஆளுக்கொரு தூணடியில் குடியிருந்தார்கள். பார்க்கப் போன ராஜா, "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"அரண்மனையில நீங்க செய்யறதைத்தான் மகாராசா. படுக்கறோம், எந்திரிக்கறோம்" என்றாள் காத்தாயி என்கிற பெண். ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

கூடப் போயிருந்த அனந்தராயருக்கு வயிறு எரிந்தது. ராஜாவைச் சிரிக்க வைப்பது இருபது வருஷமாக அவர் உத்தியோகம் அல்லவா? "மகாராஜா, இதுகள் பிறவிச் சோம்பேறிகள். பொறுப்புள்ளவன் எவனாவது தெருவுக்கு வருவானா? எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுங்கள்" என்றார்.

"ராயர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. காத்தாயி, நாளைக்குச் சபைக்கு வா. வீட்டிலிருந்து தூணடிக்கு வருகிற வழி எது என்று காட்டு. உச்சிமணி அடிப்பதற்குள் காட்டிவிட்டால் நீங்கள் மண்டபத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் முப்பது பேரும் எல்லை தாண்ட வேண்டியதுதான்" என்றான் ராஜா.

மறுநாள் காத்தாயி, பக்கத்துத் தூணடியில் இருந்த சொக்கையா என்ற முதியவரைக் கைத்தாங்கலாகச் சபைக்கு அழைத்து வந்தாள். "இவரால நிக்க முடியாதுங்க மகாராசா. இப்போதைக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

கிட்டத்தில் இருந்தது ராயரின் ஆசனம். "ராயரே, சற்று நகர்ந்துகொள்ளும்" என்றான் ராஜா. பெருந்தன்மையைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை ராயர் விடுவாரா? புன்னகையோடு எழுந்து, பக்கத்திலிருந்த சேனாபதியின் பலகையில் ஓரமாக உட்கார்ந்தார்.

"ஊணிக்க அந்தக் கோலையும் குடுத்தா புண்ணியமாப் போகும் சாமி." அது வெள்ளிப்பூண் போட்ட கோல். சபையில் இடம் உள்ளவர்களுக்கு அதுதான் அடையாளம். "இப்போதைக்கு வைத்துக்கொள்ளட்டும்" என்று ராயர் அதையும் கொடுத்தார்.

காத்தாயி தன் கதையைத் தொடங்கினாள். புருஷன் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவன். அவனுக்குக் கண் போயிற்று. பெருமழையில் வீட்டுச் சுவர் கரைந்தது. "அண்ணன் வீட்டு ஓரத்து அறைக்குப் போனோம், இப்போதைக்குன்னு."

"ராயரே, என் முழங்காலில் இடிக்கிறீர்" என்று சேனாபதி முனகினார். ராயர் எழுந்து வாசற்படி ஓரமாகப் போனதை ராஜா கடைக்கண்ணால் பார்த்தான், பொருட்படுத்தவில்லை. கதை அவனை அப்படி இழுத்திருந்தது.

"அண்ணிக்குப் பிரசவம். நாங்க மாட்டுக்கொட்டாய்க்கு நகர்ந்தோம். மாடு கன்னு போட்டுச்சு. சத்திரத்துக்குப் போனோம். அங்க மூணு நாளுக்கு மேல விடமாட்டாங்க. அப்புறம் தூணடி. அதுலயும் எனக்கு ஒரு கெத்து மகாராசா. தூணடியில இருக்கற நாங்க, மண்டபத்துப் படியில படுக்கறவங்களைச் சோம்பேறிங்கன்னு பேசுவோம்."

வாசற்படியில் மனு கொடுக்க வந்தவர்கள் ராயர் மீது தடுக்கினார்கள். "ஐயா, கொஞ்சம் முற்றத்துல நில்லுங்க" என்றான் சேவகன். அவரும் போனார். உச்சிமணி அடித்தது.

"நேரம் முடிந்தது. வழி எங்கே?" என்றான் ராஜா.

"காட்டிட்டேனே. ராயர் எங்க மகாராசா?"

ராஜா திரும்பினான். ஆசனத்தில் இல்லை, பலகையில் இல்லை, வாசற்படியிலும் இல்லை. அவன் எழுந்து, ராயர் நகர்ந்த தடத்திலேயே நடந்தான், காத்தாயி பின்னால் வந்தாள். மொத்தம் எழுபது அடிகூட இல்லை. உச்சிமணி அடித்ததும் கோல் இல்லாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவது அரண்மனை வழக்கம். கதவுக்கு வெளியிலிருந்து ராயரின் குரல் கேட்டது.

"நான் அனந்தராயரப்பா!"

"இருக்கட்டும் ஐயா. போன மாசம் ஒருத்தர் பட்டத்து யானைப் பாகனா இருந்தேன்னு வந்து நின்னார். கோல் எங்கேன்னா முழிச்சார்" என்றான் காவல்காரன்.

"யார் அந்தப் பாகன்?" என்றான் ராஜா.

"ராயர் ஆசனத்துல உக்காந்திருக்காரே, அவர்தான்" என்றாள் காத்தாயி.

ராஜா சபைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஐந்து வயதில் அவனை முதன்முதலாக யானைமேல் தூக்கி வைத்த சொக்கையா! காலை முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தவரை அவன் தூணடி ஆள் என்று மட்டுமே பார்த்திருந்தான்.

கதவு திறந்தது. "ராயரே, ஏன் சபையை விட்டுப் போனீர்?"

"நான் எங்கே போனேன் மகாராஜா? இப்போதைக்குத்தானே..." ராயரின் தலை கவிழ்ந்தது.

"நானும் அப்படித்தான் சாமி. வீட்டை விட்டுப் போறேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் வெரட்டவும் இல்லை" என்றாள் காத்தாயி.

ராஜா, இத்தனை சின்ன அடிகளில் இத்தனை தூரமா என்று மலைத்து நின்றான். பிறகு, காத்தாயிக்குச் சபையில் ஓர் ஆசனமும் வெள்ளிப்பூண் கோலும் கொடுத்தான். "ஊஞ்சல் வேண்டாம். முப்பது வீடு கட்டுங்கள். ராயர் கூடவே நின்று மண் சுமக்கட்டும். அதுவரை எல்லோரும் அரண்மனையில் இருங்கள், இப்போ..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்னிக்கு வரைக்கும்னு நாள் சொல்லிடுங்க மகாராசா" என்றாள் காத்தாயி.

"தை பிறந்த மூன்றாம் நாள்" என்றான் ராஜா. அந்த நாளில் முப்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. காலையில் நினைத்ததை அவன் மத்தியானத்துக்கு மேலும் மறக்காமல் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.